அளவுக்கு நின்றவள்

நாத்தனார்: ...அதான் அண்ணி, அண்ணன் அளந்தது எல்லாமே தப்பு.

அண்ணி: செத்து ஒரு வருஷம் கழிச்சு வந்து சொல்ற பாரு, நல்ல தங்கச்சி. உயிரோட இருந்தப்ப சொல்லியிருந்தா சண்டையாவது போட்டிருப்பாரு.

நாத்தனார்: பாறைப் படுகையில சிப்பி அடுக்கு முன்னூத்தி இருபது சென்டிமீட்டர்னு நோட்டுல எழுதியிருக்காரு. நேத்து நான் கயித்துல தொங்கி டேப்பு வச்சேன். முன்னூத்தி நாலுதான்.

அண்ணி: பத்துக் கோடி வருஷத்துக் கல்லு. கொஞ்சம் தேஞ்சிருக்கும், விடு.

நாத்தனார்: எல்லா அடுக்குமா? சொல்லி வச்ச மாதிரி நூத்துக்கு அஞ்சு தேயுமா?

அண்ணி: அதைக் கல்லுகிட்டதான் கேக்கணும்.

நாத்தனார்: அந்தப் படுகையைச் சுரங்கத்துக்குக் குடுக்கறதா வேணாமான்னு முடிவு பண்ண நாளைக்குக் குழு கூடுது. கடல் வந்து போன கதை, ஒரு ஏடு கிழியாம இருக்கறது அந்தப் படுகையிலதான், காப்பாத்தணும்னு நான் தொண்டை கிழியக் கத்தப் போறேன். சிமெண்ட் கம்பெனிக்காரன் இந்த எண்ணைக் காட்டி, "அளக்கத் தெரியாத ஆளு சொல்றதா பாரம்பரியம்?"னு கேப்பான். அப்புறம் வெடிதான்.

அண்ணி: உங்க அண்ணன் உப்பைக்கூட எடை போட்டுப் போடறவரு.

நாத்தனார்: சாப்பிட்டிருக்கேன். பாறையை எப்படி அளந்தாரு?

அண்ணி: செங்குத்துல ஏறவா முடியும்? போட்டோ எடுப்பாரு. அதுல நிக்கற ஆளோட உயரத்தை வச்சுக் கணக்கு.

நாத்தனார்: யாரு அந்த ஆளு?

அண்ணி: ஏன், எல்லாத்துலயும் மூஞ்சியச் சுளிச்சிட்டு நிக்கறது எந்த நாட்டு மகாராணி? அவனவன் பொண்டாட்டியப் பூந்தோட்டத்துல நிக்க வச்சு எடுப்பான். இவரு, "அசையாத, அளவுக்கு வைக்கற சுத்தியலைவிட நீதான் நல்லாத் தெரியற"ன்னாரு.

நாத்தனார்: குறிப்புல உங்க உயரம் நூத்தி அறுபதுன்னு இருக்கு.

அண்ணி: இருந்துட்டுப் போகட்டும்.

நாத்தனார்: அந்தச் சுவத்துல சாஞ்சு நில்லுங்க.

அண்ணி: முட்டி வலி.

நாத்தனார்: முழுப் பூசணிக்காய்... சோறு பத்தாது அண்ணி.

அண்ணி: நூத்தி அம்பத்திரெண்டு! போதுமா? கல்யாணப் பேச்சுல எங்க வீட்டுல எட்டு கூட்டிச் சொன்னாங்க. நானும் வாய மூடிட்டிருந்தேன். அப்புறம் அவரு நோட்டுல ஏத்திட்டாரு... இருபத்தாறு வருஷம். என் பொய்யில கடலே நூத்துக்கு அஞ்சு பங்கு ஆழமாயிடுச்சு.

நாத்தனார்: அப்படியே எழுதிக் கையெழுத்துப் போடுங்க. எல்லா எண்ணையும் அதே விகிதத்துல குறைச்சா, அண்ணன் கணக்கு மயிரிழை பிசகாது.

அண்ணி: சிமெண்ட்காரன் முன்னாடி நான் குள்ளச்சின்னு படிப்பீங்க.

நாத்தனார்: சத்தமாவே.

அண்ணி: குடு பேனாவ. படுகை பொழைக்கட்டும்... இருடி. என்ன ஏதுன்னு கேக்காம நேரா சுவத்துக்கு அனுப்பினியே. உனக்கு எப்படித் தெரியும்?

நாத்தனார்: கீழ எனக்கும் கையெழுத்துப் போட இடம் விடுங்க அண்ணி... கல்யாணத் துணி தைக்க உங்களை அளந்தது நான்தானே. உண்மையச் சொன்னா அம்மா கல்யாணத்தையே நிறுத்திடுவாங்க... அண்ணன் கேட்டப்ப, நூத்தி அறுபதுன்னு எழுதிக் குடுத்தேன்.