வாசல் தட்டு

— இன்னொரு தடவை மேடையைச் சுத்துங்கண்ணே. மெதுவா, சரியா?

— மூணு நாளா கையால சுத்தறேன் தங்கச்சி. செக்கா இருந்தா இந்நேரம் எண்ணெயாவது வந்திருக்கும்.

— செயற்கைக்கோள் திரும்புது. என் திரையில காந்த அளவு எகிறி நிக்கற அந்த மேடு மட்டும் திரும்பல.

— அதனால?

— காந்தம் அதுக்குள்ள இருந்தா மேடும் கூடவே திரும்பணும். இது நீங்க நிக்கற பக்கமே நிக்குது. நீங்க சாப்பிடப் போனப்ப மேடே இல்ல.

— பெல்ட், மோதிரம், சாவி, போன் எல்லாம் வாசல் தட்டுல கிடக்கு. பல்லையும் கழட்டி வைக்கவா?

— சட்டைப் பையில என்ன?

— ஒண்ணுமில்ல, விடு.

— வர்றவங்க கொண்டை ஊசியைக்கூட உருவ வைக்கற ஆள் நீங்க. பையிலேர்ந்து கையை எடுங்கண்ணே.

— இந்தா, பாத்துக்கோ.

— அண்ணே. இது உங்க பாப்பாவோட காது மிஷின்.

— தலையில ஒட்டி நிக்க ஒரு காந்தம் உண்டு. பட்டாணி அளவுதான்.

— இது விண்வெளியில இருக்கற துளியூண்டு காந்தத்தை அளக்கப் போற கோள். இதுக்குப் பட்டாணியே மலை. மூணு நாள் அளவும் வீண். நாளன்னைக்கு ஏத்திட்டுப் போக வராங்க.

— தெரியும்.

— தட்டுல வச்சிட்டு வாங்க. முதல்லேர்ந்து அளந்துடலாம். உங்க பேரை எழுதல, சரியா?

— எழுதிக்கோ. தட்டுல வைக்க மாட்டேன்.

— வைக்காம இனி உள்ள விட முடியாது. உங்க பதினெட்டு வருஷ வேலை போயிடும்ணே. வீட்டுல வச்சிட்டு வரலாமே?

— வீட்டுல உன் அண்ணி இருக்கா. இவ்வளவு நாள் வண்டி சீட்டுக்கு அடியில வச்சிருந்தேன். திங்கக்கிழமை வண்டியை வித்தாச்சு.

— அண்ணிக்குத் தெரியாமலா? அவங்க ஒரு வாரம் பாப்பா உயிர் போன ரோட்டுல இதைக் குனிஞ்சு குனிஞ்சு தேடினாங்களே. நானும் கூடப் போனேன்.

— தெரியும்.

— பாப்பாவே கழட்டி எறிஞ்சிருப்பா, அதான் பஸ் ஹார்ன் கேக்கலன்னு இன்னைக்கும் அவளைத் திட்டித் திட்டி அழறாங்க.

— அப்படிச் சொன்னது நான்தான்.

— அப்போ இது உங்களுக்கு எங்க கிடைச்சது?

— கிடைக்கல தங்கச்சி. அன்னைக்குக் காலையில பேட்டரி மாத்தித் தரேன்னு நானே கழட்டி வாங்கினேன். மறந்து பையில போட்டுட்டு வேலைக்கு வந்துட்டேன்.

— மறதிதானேண்ணே. யாருக்கும் வர்றதுதான்.

— மறதின்னா வீட்டுலேர்ந்து இந்த வாசல் வரைக்கும்தான். இங்க பையைக் காலி பண்ணப்ப கண்ணுல பட்டுச்சு. ஸ்கூல் விட இன்னும் நேரம் இருந்துச்சு. சாயங்காலம் குடுத்துக்கலாம்னு அந்தத் தட்டுல வச்சேன்.