இரண்டு செயினும் ஒரே வேகம்

கொட்டச்சேட்டு ஊர்க் கடையில் கொஞ்சம் தாமதித்தாலும் இட்லி தீர்ந்துவிடும் சார். அதனால்தான் ரஞ்சித் பொக்லைனை அப்படியே நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போனான். எஸ்டேட்டுக்குப் புதுப் பாதை வெட்டும் இடம். வண்டிக்கு இடப்பக்கம் ஒரு முழம்தான் மண், அப்புறம் பள்ளம்.

அந்த வண்டிக்குச் சக்கரம் கிடையாது, இரண்டு பக்கமும் இரும்புச் செயின்தான். அதில் வலது செயினைச் சுற்றும் மோட்டார் மந்தம். வண்டி எப்போதும் வலப்பக்கமே இழுக்கும். மெக்கானிக்கான எனக்கு அது பிடிபடவே இல்லை. ஆபரேட்டர் ரஞ்சித் கையைப் பழக்கிக்கொண்டான். இடது லீவரை அடக்கி, வலதை முழுக்கத் தள்ளுவான். வண்டி நேராகப் போகும். கெட்டிக்காரன்தான், இல்லையென்று சொல்லமாட்டேன்.

"தேவசிகாமணி அண்ணனுக்கு நொம்ப வயசாயிருச்சுங்க. என் கையே சரி பண்ணிக்கும், மெக்கானிக் எதுக்குங்க?" என்று எஸ்டேட் ரைட்டரிடம் சொன்னான். ரைட்டர் சிரித்தார். என்னை இனி வரவேண்டாம் என்றார். அடிவாரம் வரைக்கும் அந்தப் பேச்சு போனது. எனக்கு வயிறு எரிந்தது. கடைசியாக ஒருமுறை பார்க்கிறேன் என்று கெஞ்சினேன்.

முதல் நாள் இரு மோட்டாருக்கும் போகும் ஆயில் ஹோஸ்களை இடம் மாற்றிப் பார்த்தேன். அப்போதும் வலதுதான் மந்தம். பம்பில் குறையில்லை, மோட்டாரில்தான் என்று புரிந்தது. மறுநாள் அவன் சாப்பிடப் போனதும் மோட்டாரின் வால்வைக் கழற்றினேன். உள்ளே ஒரு மணல் துகள். துடைத்து மாட்டி, செயினைத் தரையிலிருந்து தூக்கிச் சுற்றவிட்டேன். இரண்டும் ஒரே வேகம். சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது சார்.

ரஞ்சித் வந்து தரையைச் சந்தேகமாகப் பார்த்தான்.

"ஏனுங்ண்ணா, ஆயில் சிந்தியிருக்குது. மோட்டாரைக் கழட்டுனீங்களா?"

"தொறந்து பாத்தேன் கண்ணு. ஒண்ணும் புரியல. பழையபடிதான் இழுக்குது."

 என்னைப் பார்க்க அவனுக்குப் பாவமாகிவிட்டது போலிருக்கிறது.

"உடுங்ண்ணா, நான் பாத்துக்கறேன்" என்று ஏறி உட்கார்ந்தான். வழக்கம்போல இடதை அடக்கி, வலதை முழுக்கத் தள்ளினான். வண்டி பள்ளத்துப் பக்கம் திரும்பியது.

சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் பொய் சொன்னேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் பழுதான வண்டி கவிழ்ந்து ஆபரேட்டர் பலி என்று பேப்பரில் போட்டிருக்கிறார்கள். அதை மட்டும் மாற்றச் சொல்லுங்கள் சார். வண்டியில் பழுதே இல்லை.