மூணு மடிப்பு மாஸ்க்

பேசாதம்மா. நீ பேசினாலும் பேசாட்டியும் எனக்கு ஒண்ணுதான். அந்த மாஸ்க் மேலயும் கீழயும் ஆடுது, அவ்வளவுதான் தெரியுது. அதுக்காகக் கழட்டித் தொலைச்சிடாதே. அவரை ஆஸ்பத்திரியில சேத்ததுல இருந்து நானும் தனிமையில இருக்கிறவ. வாசப்படிக்கு அந்தப் பக்கமே நில்லு.

ஆஸ்பத்திரியில இருந்து உனக்கு போன் வந்திருக்கு, அதானே? மாடி வீட்டுல இருந்து ஒரு கால்ல ஒரு செருப்பும் இன்னொரு கால்ல வேற செருப்புமா இறங்கி வந்திருக்கியே, அது கூடவா தெரியாது. சொல்லலாம், இரு. அந்த உதவி மையத்துக் கதையை முதல்ல முடிச்சிடறேன்.

தெரு முனையில எவ்வளவு பெரிய நோட்டீஸு பாத்தியா? மாற்றுத்திறனாளிகளுக்குத் தகவலும் உதவியும். காது கேக்காதவங்க உடனே இந்த நம்பருக்கு போன் பண்ணிப் பேசவும். சரி, கூப்பிடறாங்களேன்னு பேசினேன். விலாசம், என்ன வேணும், எல்லாம் விவரமா சொன்னேன். அந்தப் பக்கம் எடுத்தாங்களா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்? ஆனா மறுநாளே ஒருத்தர் வந்தாரு. நல்ல மனுஷன், குறை சொல்லக் கூடாது. கையில வெள்ளைக் குச்சி. எனக்குக் கண்ணு நல்லாத் தெரியுதுங்கன்னேன். தலையை ஆட்டிட்டு, குச்சிய சுவத்துல சாத்திட்டுப் போயிட்டாரு. அதோ, ஒட்டடை அடிக்க ஆகுது.

டிவிலயாவது ஏதாச்சும் சொல்லுவான்னு பாத்தா, செய்தி வாசிக்கிறவனும் மாஸ்க்கு. மூலையில ஒரு பொண்ணு கட்டைவிரல் அளவுல நின்னு கையை ஆட்டுது. எனக்குக் கைப்பாஷை தெரியாதும்மா. காது போனதே நாப்பது வயசுல, ஒரு காய்ச்சல்ல. அப்புறம் உதட்டைப் பாத்தே பழகிட்டேன். கைப்பாஷை கத்துக்கன்னு சொன்னாங்க. எதுக்கு? அவரு இருந்தாரே. யாரு என்ன சொன்னாலும் என் முன்னாடி வந்து நின்னு, மறுபடி சொல்லுவாரு. பால்காரன் ஒரு வார்த்தை சொன்னா இவரு நாலு வார்த்தை சொல்லுவாரு, சொந்தக் கருத்தையும் சேத்து. அவருதான் எனக்குக் காது. இப்ப அந்தக் காதை வார்டுல கொண்டு போய்ப் படுக்க வெச்சிருக்காங்க.

போனை நீட்டாதே. எழுதியும் காட்டாதே. உள்ள வை. எங்கம்மா போனது எனக்கு எழுத்துலதான் வந்துச்சு. கறுப்பா நாலு எழுத்து. யாரு முகத்தைப் பாத்து அழறதுன்னு கூடத் தெரியாம அந்த போனையே பாத்துட்டு உக்காந்திருந்தேன். எதுவா இருந்தாலும் ஒரு மனுஷ வாயில இருந்து வரட்டும்.

அவருக்குக் காய்ச்சல் வந்தன்னிக்கு நான் தனியா மருந்துக்கடைக்குப் போனேன் பாரு, அந்தக் கூத்தைச் சொல்லணும். கடைக்காரர் மாஸ்க்குக்குள்ள என்னமோ கேட்டாரு. புரியலைன்னா தலையாட்டிடறது என் பழக்கம். எத்தனை தடவதான் என்னங்க, என்னங்கன்னு கேக்கறது, வெக்கமா இருக்காதா? ஆட்டினேன். வீட்டுக்கு வந்து பிரிச்சா பல் செட்டு ஊற வைக்கிற மாத்திரை. எனக்கு எல்லாப் பல்லும் சொந்தப் பல்லு.

அதுவாவது பரவாயில்ல. ஆஸ்பத்திரியில சேக்கும்போது நர்ஸம்மா கேட்டாங்க, அங்கயும் ஆட்டினேன். திரும்பத் திரும்பக் கேட்டாங்க, திரும்பத் திரும்ப ஆட்டினேன். நிலவரமெல்லாம் போன்லதான் சொல்லுவோம், சம்மதமான்னு கேட்டிருக்காங்க. சம்மதம்னு ஆட்டியிருக்கேன். வெளிய வந்து போர்டைப் படிச்சப்புறம்தான் திரும்ப ஓடி உன் நம்பரைக் குடுத்தேன்.

என்னம்மா, கண்ணு சிவந்திருக்கு? வெங்காயம் நறுக்கினியா? கண்ணை மட்டும் வெச்சுக்கிட்டு ஒரு ஆளு சிரிக்குதா அழுவுதான்னு சொல்ல முடியல. இந்த மாஸ்க்கை யாரு இவ்வளவு கச்சிதமா தைச்சாங்கன்னு நீ கேக்கணும். நான்தான். இந்தத் தெருவுக்கே நான்தான் தைச்சேன். ஆஸ்பத்திரிக்கும் ஒரு மூட்டை போச்சு. மூணு மடிப்பு, மூக்குக்கு மேல கம்பி, தாடைக்குக் கீழ சுருக்கு. நம்ம கைல தைச்சதுல ஒருத்தர் உதடும் வெளிய தெரியக் கூடாதுன்னு அவ்வளவு ரோஷம் எனக்கு. அவரு நாடா கோத்துக்கிட்டே சொன்னாரு, "ஏண்டி, ஊர் வாயையெல்லாம் மூடிட்டு நீ எதைப் பாத்துக் கேக்கப் போறே?" உங்க வேலையைப் பாருங்கன்னேன். யானை தன் தலையில தானே மண்ணை வாரிப் போட்டுக்கும்பாங்க. நான் அளவெடுத்துப் போட்டுக்கிட்டேன்.

தெரியுதும்மா, நீ எவ்வளவு நேரமா நிக்கறேன்னு. பயமா இருக்கு. நான் பேசிட்டு இருக்கிற வரைக்கும் நீ எதையும் சொல்ல முடியாது பாரு. அதான்.

சரி. இதைப் பிடி. குச்சி நுனியில மாட்டி நீட்டறேன், எடுத்துக்கோ. பாரு, அதுக்கும் ஒரு உபயோகம். நேத்து தைச்சேன். துணிக்கடை டப்பாவுல வருமே பிளாஸ்டிக் தாளு, அதை வெட்டி வாய்கிட்ட ஜன்னல் வெச்சிருக்கேன். அந்தப் பக்கம் திரும்பி மாத்திக்கோ. ம்... இப்ப சொல்லு.

மங்குது. மூச்சு விடாம சொல்லு. முடியாதா? சரி, வாசப்படி ஓரத்துல கொஞ்சம் சோப்பு இருக்கு, உள்பக்கம் தடவித் துடை. நாலே வார்த்தை, மெதுவா.

"குழாயை"... மூச்சுக் குழாயை எடுத்துட்டாங்களா? எதுக்கு? இனிமே பிரயோஜனமில்லைன்னா எடுத்தாங்க? நேரா என்னைப் பாத்துச் சொல்லும்மா. "தானா"... தானா மூச்சு விடறாரா? அவரேவா? நல்லா வாயைத் திறந்து சொல்லு. நீ அழுததுக்குக் காரணம் இதுவா? இதுக்கா அழுவாங்க, பைத்தியம்.

இன்னும் இருக்கா? சொல்லு. அவரே போன்ல பேசினாரா? என்ன சொன்னாரு? "அவ நிறுத்த மாட்டா. நடுவுல புகுந்து சொல்லிடுங்க." அப்படியேவா சொன்னாரு? ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு, உன்கிட்ட, என்னைப் பத்தி?

அப்ப நல்லாத்தான் இருக்காரு.

இன்னொரு தடவ சொல்லும்மா, மறுபடி மங்குது. துடைச்சியா? துடைச்சும் போகலையே... விடு, நீ துடைக்காதே. இது என் பக்கம்.