எர்மின் அம்மாவின் கட்சித் துணி

மேடையில் அமர்ந்திருக்கும் மாவட்ட ஆட்சியர் அவர்களே, தலைநகரிலிருந்து இந்தச் செம்மண் புழுதியை விழுங்கிக்கொண்டு வந்து சேர்ந்திருக்கும் தேசிய விழிப்புக் கட்சியின் தலைமைக் குழுப் பிரதிநிதி அவர்களே, ஜெபம் சொல்லித் தொடங்கிவைத்த பாதிரியார் அவர்களே, வாழைக்காய்க் கூடைகளை ஓரம் தள்ளிவிட்டு மேடைக்குக் கீழே அமர்ந்திருக்கும் எபோலோசிச் சந்தையின் தாய்மார்களே,

நான் லூசியன் எத்துண்டி. கட்சியின் கிளைச் செயலாளர். இந்த ஒலிபெருக்கியில் என் குரலைக் கேட்டுக் கேட்டு உங்களுக்கு அலுத்திருக்கும். "தலைவியம்மா வருகிறார், வழிவிடுங்கள்" என்று கத்தியே என் தொண்டை தேய்ந்தது. இன்றும் அவர் வந்திருக்கிறார். தெக்லா அக்காவின் மீன் மேசை மேல், சவப்பெட்டிக்குள், பேசாமல் படுத்திருக்கிறார். அவர் பேசாமல் இருக்கும் கூட்டம் ஒன்றை இன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறேன். எனக்குத் தாங்கவில்லை.

யார் இந்த எர்மின் அபோமோ? கட்சியின் மகளிர் அணித் தலைவி என்று அழைப்பிதழில் அச்சடித்திருக்கிறோம். அது போதுமா? தலைநகரத்தில் கட்சி என்றால் பெரிய கட்டடம், கறுப்புக் கார், கதவைத் திறந்துவிட ஒரு ஆள். எபோலோசியில் கட்சி என்றால் யார்? மருத்துவமனையில் இடம் இல்லை என்றால் யாரிடம் போனோம்? காவல் நிலையத்தில் பிள்ளையைப் பிடித்து வைத்தால் யாரை எழுப்பினோம்? நமக்குக் கட்சி என்றால் இந்த அம்மாதான்.

கல்லூரியிலிருந்து வந்த ஒரு பையன் ஒருமுறை அவரிடம் துடுக்காகக் கேட்டான். "ஏம்மா, இவ்ளோ நல்லவங்க நீங்க, இந்தக் கட்சியில போயி இருக்கீங்களே?" நானாக இருந்தால் அவனைத் துரத்தியிருப்பேன். அவர் வாழைக்காய் உரித்துக்கொண்டே சொன்னார்: "இந்த நாட்டுல மழைக்கு ஒதுங்க வேற கூரை எங்கப்பா இருக்கு? இருக்கறது ஒண்ணு. அதுவும் ஒழுகுது, எனக்குத் தெரியாதா? ஒழுகுற எடத்துல சட்டி வைக்க ஒரு ஆளு வேணாமா?" தலைமைக் குழுப் பிரதிநிதி அவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கலாம் அய்யா, அம்மாவுக்கும் அது பிடிக்கும்.

கட்சி தொடங்கிய நாளுக்கு ஆண்டுதோறும் கட்சித் துணி வரும். குடியரசுத் தலைவரின் முகம் வட்டம் வட்டமாக அச்சிட்ட துணி. அதை வெட்டித் தைப்பதில் எவ்வளவு கவனம் வேண்டும் என்று இங்குள்ள தையற்காரர் எல்லோருக்கும் தெரியும். முகம் நெஞ்சில் வரலாம், முதுகில் வரலாம். அக்குளில் வரக்கூடாது. உட்காரும் இடத்தில் வரவே கூடாது.

ஒருமுறை வந்துவிட்டது. நம் ரோசலின் பாவாடையில், சரியாக அந்த இடத்தில். அணிவகுப்பில் அவள் மேடையைக் கடந்து போன பிறகுதான் ஒரு அதிகாரி பார்த்தார். பிடித்து நிறுத்திவிட்டார். "தலைவர் மொகத்து மேலயே உக்காருறியா நீ?" ரோசலின் அழத் தொடங்கினாள். சிறைக்குப் போயிருப்பாள். நாங்கள் ஆண்கள் எல்லோரும் எங்கள் செருப்புகளை ஆராய்ந்துகொண்டிருந்தோம். தலைவியம்மா மட்டும் முன்னால் போனார்.

"அய்யா, அவ எங்கய்யா உக்காந்தா? தலைவர் இப்ப வருவாரு, அப்ப வருவாருன்னு விடியக்காலையிலேருந்து நாங்க யாருமே உக்காரலியே. உக்காந்தவ எவளாச்சும் இருந்தா காட்டுங்க, நானே புடிச்சுத் தரேன்."

அதிகாரி மேடையை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். ரோசலினை விட்டுவிட்டார். அன்று தலைவியம்மாவுக்கு ஒன்று புரிந்துவிட்டது. அந்த முகத்தைக் கண்டு நாம் பயப்படுவதைவிட, மேலே இருப்பவர்கள்தான் அதிகம் பயப்படுகிறார்கள்.

பிறகு அந்தப் பெட்ரோல் நிலைய விவகாரம் வந்தது. யாரோ பெரிய மனிதரின் மைத்துனருக்கு நம் சந்தை நிலம் வேண்டியிருந்தது. காலையில் புல்டோசர் வந்து நின்றது. நான் கட்சி அலுவலகத்துக்கு ஓடி, தொலைபேசியில் யார் யாரையோ கூப்பிட்டேன். யாரும் எடுக்கவில்லை. தலைவியம்மா யாரையும் கூப்பிடவில்லை. இடுப்பில் சுற்றியிருந்த கட்சித் துணியை அவிழ்த்து, உள்பாவாடையோடு நின்றபடி, தன் கடை முன்னால் கட்டினார். ஒவ்வொரு பெண்ணும் அவிழ்த்தாள். ஒவ்வொரு கடையிலும் கட்டினாள். சந்தை முழுக்கத் தலைவர் புன்னகைத்துக்கொண்டிருந்தார்.

ஓட்டுநர் பாஸ்கால் வண்டியை அணைத்துவிட்டுக் கீழே இறங்கினான். நகராட்சி அதிகாரி கத்தினார். "ஏத்துய்யா வண்டிய!"

"நீங்க ஏறி ஓட்டுங்க அய்யா. எனக்குப் புள்ளகுட்டி இருக்கு."

"அப்ப துணியப் புடுங்கிப் போடுங்க!"

தலைவியம்மா ஒதுங்கி வழிவிட்டார். "தாராளமா புடுங்குங்க அய்யா. எந்த மொகத்த மொதல்ல கிழிச்சு மண்ணுல போடுறீங்கன்னு மட்டும் சொல்லிட்டுப் புடுங்குங்க. நாளைக்குத் தலைநகரத்துலேருந்து கேட்டா நான் சொல்லணும்ல?"

கையெழுத்திட்ட உத்தரவு கேட்டு அதிகாரி மேலே எழுதி அனுப்பினார். மேலே இருந்தவர் இன்னும் மேலே அனுப்பினார். தலைவர் முகத்தை அகற்றுக என்று எழுதிக் கையெழுத்துப் போட இந்த நாட்டில் யார் இருக்கிறார்கள்? புல்டோசரில் கோழி முட்டையிடத் தொடங்கிய பிறகுதான் அதைத் திரும்ப ஓட்டிப் போனார்கள். பெட்ரோல் நிலையம் வேறு ஊருக்குப் போனது.

தாய்மார்களே, இப்போது உங்கள் கடைக் கதவுகளில் இடிப்பதற்குச் சிவப்புக் குறி போட்டிருக்கிறார்கள். தலைவர் வருகைக்காகச் சாலை அகலமாகிறது. சதுப்புக்கு அந்தப் பக்கம் இடம் தருவதாகச் சொல்கிறார்கள். அங்கே தவளைதான் வாங்க வரும். சாலை வேண்டாம் என்று தலைவியம்மா சொல்லவில்லை. இடுகாட்டுப் பக்கம் காலி நிலம் கிடக்கிறது, அந்தப் பக்கமாகக் கொஞ்சம் வளைத்துப் போடுங்கள் என்று கேட்கத்தான் ஆட்சியர் அலுவலகத்துக்கு நடந்தார். நாளைக்கு வாருங்கள் என்றார்கள். நாளைக்கும் போனார். அடுத்த நாளும் போனார். கடைசியாகப் போன அன்று, காத்திருப்போர் பெஞ்சில், கட்சித் துணி உடுத்தி உட்கார்ந்தபடியே அவர் மூச்சு நின்றுவிட்டது. தூங்குகிறார் என்று நினைத்து, அலுவலகம் பூட்டும் நேரம் வரை யாரும் எழுப்பவில்லை.

நான் யாரையும் குற்றம் சொல்லவில்லை. ஆட்சியர் அவர்கள் அன்று ஊரில் இல்லை. செய்தி கேட்டதும் மனம் வருந்தி, அம்மாவுக்கு இறுதி மரியாதையாகக் கட்சித் துணிக் கட்டுகளை லாரியில் அனுப்பிவைத்தார்கள். சந்தையிலேயே கூட்டம் நடத்த அனுமதியும் தந்தார்கள். அடக்கம் முடிந்ததும் சாலை வேலை தொடங்கும் என்று மட்டும் சொல்லியனுப்பினார்கள். அவர்களுக்கு என் மனமார்ந்த நன்றி.

ஆட்சியர் அவர்களே, இவ்வளவு வெயிலில் இவ்வளவு நேரம் பேசுகிறேன், உங்களுக்கு வியர்க்கவில்லையே, கவனித்தீர்களா? தயவுசெய்து ஒருமுறை மேலே பாருங்கள். நீங்கள் அனுப்பிய துணிதான். நம் பெண்கள் விளிம்போடு விளிம்பு சேர்த்துத் தைத்து, மீன் கடையிலிருந்து கிழங்குக் கடைவரை ஒரே பந்தலாகக் கட்டியிருக்கிறார்கள். ஒரு முகம்கூட மடியவில்லை. தலைவர் நம் எல்லோரையும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

துக்கப் பந்தலை எப்போது பிரிப்பது என்ற வழக்கம் உங்களுக்குத் தெரியும். செத்தவர் வீட்டின் மூத்த பெண், அழுது முடித்தாயிற்று என்று சொல்ல வேண்டும். அதுவரை ஒரு கயிற்றையும் யாரும் தொடக்கூடாது. தலைவியம்மாவுக்குப் பிள்ளைகள் இல்லை. இந்தச் சந்தைதான் அவர் வீடு. இந்த வீட்டின் மூத்த பெண் தெக்லா அக்கா.

எர்மின் அபோமோவின் பணியைத் தொடர்வோம் என்று நான் இங்கே உறுதி சொல்ல வேண்டும். கிளைச் செயலாளர் என்ற முறையில் அது என் கடமை. ஆனால் என் உறுதிமொழிகள் எவ்வளவு காலம் தாங்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஆகவே காலையில் தெக்லா அக்காவிடமே போய்க் கேட்டேன்: "அக்கா, அழுகைய எப்ப முடிக்கப் போறீங்க?"

அவர் புகைமீனை அடுக்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"இப்பத்தானேப்பா ஆரம்பிச்சிருக்கோம். அவளுக்கு அழ வேண்டியது நெறைய கெடக்கு. ரோடு அந்தப் பக்கமா வளையட்டும், அப்புறம் பாத்துக்கலாம். நீ போயி ஒலிபெருக்கியில சொல்லு, நாளைக்குக் கட உண்டுன்னு."

சொல்லிவிட்டேன், அக்கா.