தோல் கலர்

அண்ணி: மழை விட்டு எவ்வளவு நேரமாச்சு... அந்த மழைக்கோட்டைக் கழட்டேன் சிட்டு.

நாத்தனார்: இருக்கட்டும் அண்ணி, குளிருது. ஆபீஸ் முடிஞ்சு களைச்சு வர்றவளை ரோட்டோரமா நிறுத்தி வச்சு, எதுத்த கடையைப் பாருங்கிறீங்க. நீங்க வேலை பார்க்கிற கடைதானே, நான் பார்க்காததா?

அண்ணி: ஷோகேஸைப் பாரு. நடுவுல நிக்கிறாளே, அவளை.

நாத்தனார்: ...பொம்மை.

அண்ணி: பொம்மைதான். கலரைப் பாரு.

நாத்தனார்: கறுப்பா இருக்கு. புதுசா வாங்கினாங்களா?

அண்ணி: புதுசாவது... பழையவதான். மூக்கு, கன்னம், கை எல்லாம் உரிஞ்சு போயிருந்துச்சு. பூசி விடச் சொல்லி முதலாளியம்மா பெயிண்ட் டப்பாவை நீட்டினாங்க. மேல 'தோல் கலர்'னு போட்டிருக்கு. யார் தோல்னு போடல. திறந்தா, எப்பவும் போல வெளிறின ரோஸ்.

நாத்தனார்: நீங்க என்ன பண்ணீங்க?

அண்ணி: டப்பாவை மூடி வச்சுட்டு வேற கலரை நானே கலந்தேன்.

நாத்தனார்: கேக்காமயா?

அண்ணி: கேட்டா விடுவாங்களா? ...அவ முழங்கையைப் பாரு.

நாத்தனார்: முழங்கை மட்டும் இன்னும் கொஞ்சம் கறுப்பா... அண்ணி. போன வாரம் நெயில் பாலிஷ் போட்டு விடுறேன்னு என் கையைப் பிடிச்சு ஜன்னலோரம் இழுத்துட்டுப் போனீங்களே...

அண்ணி: ம்.

நாத்தனார்: என்னடா இது, இல்லாத பாசமா இருக்கேன்னு அப்பவே நினைச்சேன்.

அண்ணி: நீ பேசிட்டிருக்கும்போது உன் கையில ஒரு பொட்டு பெயிண்ட் வச்சு வச்சுப் பார்த்தேன். சரியாவே வரல. கடைசித் தடவை துடைக்கப் போறேன்... எங்கே வச்சேன்னே தெரியல. அப்படியே உன் தோலோட சேர்ந்துடுச்சு. எனக்கு அழுகையே வந்துடுச்சு சிட்டு.

நாத்தனார்: என்னைப் போயா... சரி, மஞ்சள் கவுனை ஏன் மாட்டினீங்க?

அண்ணி: உங்க அண்ணனைக் கட்டிக்கிட்டு வந்ததுலேர்ந்து பார்க்கிறேன். சாம்பல் கலரு, அதை விட்டா சேத்துக் கலரு. மஞ்சளைக் கண்டா ஓடுவே. 'என் கலருக்கு எடுக்காது'ன்னு யார் உனக்குச் சொல்லிக் குடுத்தாங்களோ.

நாத்தனார்: அம்மா, பெரியம்மா, டீச்சர், துணிக்கடைக்காரன்... யார் சொல்லல?

அண்ணி: அதான், எடுக்குதா இல்லையான்னு நானே பார்த்துடலாம்னு மாட்டினேன்.

நாத்தனார்: முதலாளியம்மா சும்மா விட்டாங்களா?

அண்ணி: காலையில வந்ததும் ஒரு பிடி பிடிச்சுட்டாங்க. இந்தக் கலர்ல பொம்மை நின்னா எவ உள்ள வருவான்னு. சுரண்டுற கத்தியைக் கையில குடுத்து, பழையபடி அடிச்சுட்டுக் கிளம்பு, நாளைலேர்ந்து வராதேன்னுட்டாங்க. பின் ரூம்ல நின்னு அழுதுட்டிருந்தேன்.

நாத்தனார்: அய்யோ... எனக்குத் தெரியாதே.

அண்ணி: உனக்கு எப்படித் தெரியும்? அந்த நேரம் பார்த்து ஒரு பொண்ணு மூச்சு வாங்க ஓடி வந்தாளாம். 'அவ போட்டிருக்காளே, அது எனக்கு வேணும்'னு நின்னாளாம். முதலாளியம்மா வெள்ளைப் பொம்மை மேல இருந்த நீலத்தைக் காட்டியிருக்காங்க. 'இல்ல, அவ போட்டிருக்கிறதுதான்'னு ஒரே பிடிவாதமாம். சேல்ஸ் பொண்ணு வந்து சொன்னா.

நாத்தனார்: ...அப்புறம்?

அண்ணி: அப்புறம் என்ன, அவ போட்டுப் பார்த்து வர்றதுக்குள்ள அதையே கேட்டு இன்னும் ரெண்டு பேர். சாயங்காலத்துக்குள்ள, பொம்மை மேல இருக்கிறதைத் தவிர மஞ்சள் மொத்தமும் காலி. கத்தியை அவங்களே வாங்கி உள்ள வச்சுட்டு, மத்த பொம்மைங்களுக்கும் விதவிதமா அடிச்சுக் குடுன்னாங்க.

நாத்தனார்: அடேங்கப்பா... கலக்கிட்டீங்க அண்ணி.

அண்ணி: எல்லாம் அந்த முதல் பொண்ணாலதான். எவ பெத்த மகராசியோ. போட்டுப் பார்க்கிற ரூமுக்குள்ள போனவ வெளியவே வரலையாம். மயக்கம் கியக்கம் போட்டுட்டாளோன்னு கதவைத் தட்டினாங்களாம்.

நாத்தனார்: மயக்கமெல்லாம் இல்ல. கண்ணாடியில சுத்திச் சுத்திப் பார்த்துட்டிருந்தேன்...

அண்ணி: சிட்டு. கோட்டைக் கழட்டு.

நாத்தனார்: கிண்டல் பண்ணுவீங்க.

அண்ணி: கழட்டுடீ.

நாத்தனார்: ...பாருங்க. நாள் பூரா ஆபீஸ்ல இப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். உங்க முன்னாடி வரத்தான் கூச்சமா இருந்துச்சு.

அண்ணி: அடிப் பாவி... எவ்வளவு அழகா இருக்கே. என் வேலை போயிடக் கூடாதுன்னா வாங்கினே?

நாத்தனார்: உங்க வேலை விஷயமே இப்பத்தானே தெரியும். பஸ்ஸுலேர்ந்து பார்த்தேன் அண்ணி. என்னை மாதிரியே ஒருத்தி, மஞ்சளைப் போட்டுக்கிட்டு, யாருக்கும் பயப்படாம நிக்கிறா. அடுத்த ஸ்டாப்ல இறங்கி ஓடி வந்தேன். உங்களுக்காக இல்ல... எனக்காக வாங்கினேன்.