ராசாங்கத்தை ஏன் அனுப்பினேன்

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் கம்பெனி பஸ்ஸில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்தால் ஊர்க்கதை அத்தனையும் காதில் விழும் சார். நான் தேடிப் போவதில்லை; காதைப் பொத்திக்கொள்வதுமில்லை. கேன்டீன் ஜெயசித்ராவுக்குப் புருஷன் ஸ்கூட்டி எடுத்துக் கொடுத்ததும், அதை மாமியார் ஓட்டிக்கொண்டு திரிவதும் வரை எனக்குத் தெரியும்.

பதினாறு வருஷமாக அந்த சிமென்ட் ஆலையில் பிராசஸ் இன்ஜினியர். பெயர்தான் பெரிசு. கில்ன் என்கிற ராட்சதச் சூளை நிற்காமல் ஓட வேண்டும், அவ்வளவுதான் வேலை. நிற்காமல் ஓடிய நாட்களைக் கேட்டில் போர்டு வைத்து எழுதுவார்கள். அன்றைக்குத் தொண்ணூற்றேழு. நூறானால் மேலிடத்து ஆள் வந்து கேக் வெட்டுவார். எனக்குக் கேக் பிடிக்காது. ஆனால் நின்றுபோனால் ஏன் நின்றது என்று ஒரு வாரம் விளக்கம் எழுத வேண்டும். எழுதி எழுதிச் சலித்துவிட்டது.

காலை பதினோரு மணிக்கு, கில்னுக்குள் சுண்ணாம்புத் தூளைச் சுடவைத்து இறக்கும் கோபுரத்தில், தூள் இறங்கும் குழாய் அடைத்துக்கொண்டது. உள்ளே எண்ணூறு டிகிரி. கில்னை நிறுத்திவிட்டுத்தான் துளையைத் திறந்து கம்பியால் குத்த வேண்டும். அந்த விதியைத் தமிழில் எழுதி ஒட்டியதே நான்தான்.

நிறுத்தவில்லை. ஷிப்டில் இருந்த மூன்று பேரில் யாரை அனுப்புவது என்று மட்டும் யோசித்தேன். அமாவாசைக்கு நாலு அண்ணன் தம்பி, மச்சான் யூனியனில். மகேஷ் பெண்டாட்டிக்கு ஏழாம் மாசம். வேப்பந்தட்டை ராசாங்கம்தான் தோது. பெண்டாட்டி வேம்பு கோபித்துக்கொண்டு மீன்சுருட்டிக்குத் தாய்வீடு போய் எட்டு மாசம். ஏதாவது ஆனாலும் வந்து கேட்க ஆளில்லை.

மேலே ஏறியதும் வாக்கி-டாக்கியில் கேட்டான்.

"சார், கில்ன நிறுத்திட்டீங்களா? ஃபேன் சத்தத்துல ஒண்ணும் புரியல."

"நிறுத்தியாச்சு. தொற."

"அப்ப கேக்கு போச்சா சார்?"

"போவுது, விடுய்யா."

சிரித்தான். திறந்தான். அந்தத் தூள் மண் மாதிரி விழாது சார், தண்ணீர் மாதிரி பாயும். கில்ன் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் செக்யூரிட்டி அவன் சோற்றுத் தூக்கை ஒரு பெண்ணிடம் கொடுத்தான். திறக்காத தூக்கு. காலையில் கட்டிக் கொடுத்தவளே அவள்தான். வேம்பு. திரும்பி வந்து நாலு நாளாகிறதாம்.

அந்தச் சேதி மட்டும் என் காதுக்கு எட்டவில்லை சார். எட்டியிருந்தால் வேறு ஆளை அனுப்பியிருப்பேன். ஒரு குடும்பத்தைக் கெடுக்கிற அளவுக்கு ஈவிரக்கம் இல்லாதவனில்லை நான்.