ஒரு குமிழிகூட இல்லாமல்

லேப்டாப்பை மூடுவதற்கு முன்னால் கீபோர்டின் மேல் மெல்லிய துணி ஒன்றை விரித்துவிடுவது நல்லது. மூக்குக் கண்ணாடி துடைக்கும் துணி மாதிரி இருந்தால் போதும். தடித்த துண்டை வைத்து மூடினால் ஸ்கிரீன் விரிசல் விட்டுவிடும். பலர் இதையெல்லாம் யோசிப்பதே இல்லை. விரலில் இருக்கும் எண்ணெய் கீயில் ஒட்டுகிறது, கீயில் இருப்பது ஸ்கிரீனில் ஒட்டுகிறது. மறுநாள் திறந்தால் கட்டம் கட்டமாகத் தெரியும். என் லேப்டாப்பை உங்கள் மேசையில் திறந்து வைத்திருக்கிறீர்கள். கீபோர்டின் மேல் உங்கள் பேனா இருக்கிறது. மறந்து மூடிவிடப் போகிறீர்கள் சார், எடுத்துவிடுங்கள்.

நன்றி. இனி நிம்மதியாகச் சொல்லலாம்.

கல்யாண ஆல்பம் தயாரிப்பது என் தொழில். ஸ்டுடியோக்காரர்கள் போட்டோக்களை அனுப்புவார்கள். மாப்பிள்ளையின் பருவை எடுப்பேன், பெண்ணின் நெற்றி வியர்வையைத் துடைப்பேன். எல்லாம் ஸ்கிரீனில்தான். ஸ்கிரீன் சுத்தமாக இல்லாவிட்டால் எனக்குக் கண் தெரியாத மாதிரி.

வீட்டில் நானும் அப்பாவும் மட்டும். அம்மா காலமாகிவிட்டார். அக்கா ஜோதியைக் குமாரபாளையத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். அப்பா கந்தப்பன், வாழ்நாளில் பாதிக்கு மேல் நேஷனல் பர்மிட் லாரி ஓட்டியவர். லாரியை விற்றுத்தான் என்னைப் படிக்க வைத்தார். அதை நான் எப்போதும் மறந்ததில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். சமீபமாக அவருக்கு மறதி. காலையில் எழுந்ததும் வாசலில் லாரியைத் தேடுவார். இல்லையென்றதும் உள்ளே வந்து என் லேப்டாப்பைத் திறப்பார்.

லாரிக்காரர்கள் வண்டி எடுக்குமுன் என்ன செய்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும். முன்கண்ணாடியைத் துடைத்து, மூன்று பட்டை திருநீறு போடுவார்கள். அப்பா வேட்டி முனையால் ஸ்கிரீனை அழுத்தித் துடைப்பார். பட்டை போடுவார். அப்புறம் லாரிக் கதவு சாத்துகிற மாதிரி ஒரே அடியில் மூடுவார். திருநீறு உள்ளேயே மாட்டிக்கொள்ளும். அதில் கண்ணுக்குத் தெரியாத மணல் இருக்கும் சார். ஸ்கிரீனில் கோடு விழுவது அதனால்தான்.

"அப்பா, இது வண்டி இல்லீங்க."

"ஓடுதில்ல சாமி? சோறு போடுதில்ல? அப்ப வண்டிதான்."

"கோடு உழுவுதுங்கப்பா."

"கண்ணாடி தொடைக்காம எடுத்தா எதுத்தாப்ல வாரது தெரியுமா? பேசறான் பாரு, லைசன்ஸ் இல்லாத பய."

அக்காவிடம் போனில் சொன்னேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "உடுடா, உனக்கு ஆக்சிடென்ட் ஆகாதுன்னு நெனச்சுக்க" என்றாள்.

ஆனது. ஸ்டுடியோ குமரன் அண்ணன் ஒரு பெரிய இடத்துக் கல்யாணத்தைக் கொடுத்திருந்தார். பெண் முகத்தில் வெள்ளைப் புள்ளி ஒன்று தெரிந்தது. போட்டோவில் இருக்கிறதா, திருநீறா, பழைய கீறலா என்று ஸ்கிரீனைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். போகவில்லை. சரி, போட்டோவில்தான் என்று ஆல்பம் முழுக்க அழித்தேன். அண்ணன் போனில் கத்தவில்லை. மெதுவாகத்தான் கேட்டார்.

"தம்பி, புள்ளையோட வைர மூக்குத்தி எங்கீப்பா?"

அதற்குப் பிறகு அவர் வேலை தருவதைக் குறைத்துக்கொண்டார். நான் லேப்டாப்பைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். பூட்டிய பின்னும் மனசு கேட்காது. சாப்பிடும்போது எழுந்துபோய்ப் பார்ப்பேன். கை கழுவிவிட்டுப் பார்ப்பேன். தூக்கத்தில் லாரிக் கதவு சாத்தும் சத்தம் கேட்கும், எழுந்து உட்காருவேன். அப்பாவோ பீரோவுக்கே பட்டை போட ஆரம்பித்தார்.

டாக்டர், "பெரியவரைத் தனியா வெளிய உடாதீங்க" என்றார். அதனால் அவர் அறைக் கதவுக்கு வெளிப்பக்கம் ஒரு தாழ்ப்பாள் போட்டேன். டாக்டர் சொன்னதைத்தான் செய்தேன். வேலை நேரத்தில் மட்டும் போடுவேன். அப்புறம் வேறு ஸ்டுடியோக்களின் வேலை கூடியது, அதற்குத் தகுந்த மாதிரி தாழ்ப்பாளும்.

புது ஸ்கிரீன் ஒன்றைப் போட்டேன். அதன் மேல் ஒட்ட ஒரு ஃபிலிம் வாங்கினேன். ஃபிலிம் ஒட்டுவது சாதாரண வேலை இல்லை சார். ஒரு தூசி அடியில் மாட்டினாலும் குமிழி நின்றுவிடும், பிறகு ஆயுசுக்கும் போகாது. ஃபேன் ஓடக்கூடாது. கதவு திறக்கக்கூடாது. முதல் தடவை பாதி ஒட்டும்போது அப்பா திருநீற்றுக் கிண்ணத்தோடு வந்து, "எந்தூரு லோடு சாமி?" என்று கேட்டு, திருநீற்றை எடுத்து ஊதினார். அந்த ஃபிலிம் வீணாகிவிட்டது.

அதனால் அடுத்த தடவை நாள் பார்த்துச் செய்தேன். மின்வாரியத்தில் மாதாந்திரப் பராமரிப்பு என்று பகல் முழுக்கக் கரண்டை நிறுத்துவார்கள். அன்றைக்கு எந்த ஃபேனும் ஓடாது, காற்று அசையாது. அதைவிட நல்ல நாள் கிடைக்காது. சித்திரை மாதம், வெயில் கொஞ்சம் அதிகம். அப்பா அறைக்கு மேலே சிமெண்ட் அட்டை. அவர் ஜன்னலையும் வெளியே இருந்து சாத்தினேன். எதிரில் கோழித் தீவன மில், மாவுத் தூசி அந்த வழியாகத்தான் வரும். ஹாலில் புழுதி அடங்க, தரை முழுக்க ஒரு குடம் தண்ணீர் தெளித்தேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். ஆரம்பித்தேன்.

மேல் விளிம்பைப் பொருத்தும்போது அப்பா தட்டினார். அது வழக்கம். பாதி இறக்கும்போது கூப்பிட்டார். அதுவும் வழக்கம். பழைய ஏ.டி.எம். கார்டில் துணி சுற்றிக் குமிழிகளை ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டிருந்தேன். அவசரப்படக்கூடாது, ஒரே சீராகத் தள்ள வேண்டும்.

பக்கத்து வீட்டுச் சின்னாயி அக்கா வாசலில் நின்று கூப்பிட்டார். கதவைத் திறக்காமலே பதில் சொன்னேன்.

"ஏந்தம்பி, அப்பா கதவத் தட்டறாப்புல இருக்குதே?"

"லாரி ஓட்டறாருங்க்கா. பாடியத் தட்டி ரைட்டுக் குடுக்கறாரு."

"அடக் கெரகமே. எந்தூருக்காம்?"

"நாக்பூருங்க்கா."

"வாரப்ப எனக்கு ஆரஞ்சு வாங்கியாரச் சொல்லு" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார். அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை.

அதற்குப் பிறகு தட்டுவது குறைந்தது. கையால் தட்டவில்லை, தரைக்குப் பக்கத்தில், காலால் தட்டுகிற மாதிரி இருந்தது. வலது மூலையில் ஒரே ஒரு குமிழி பாக்கி. அது நகர்ந்து நகர்ந்து போக்குக் காட்டியது. அதையும் எடுத்தேன். ஒரு குமிழிகூட இல்லை சார், வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள்.

காதில் ஹெட்போன் இருந்தது, எதுவும் கேட்கவில்லை என்று முதல் வாக்குமூலத்தில் எழுதிக் கொடுத்தேன். அது பொய். வீட்டில் ஒரு சத்தமும் இல்லாத நாள் அது. ஒவ்வொரு தட்டும் கேட்டது. வழக்கமான தட்டு எது, வழக்கமில்லாதது எது என்றும் தெரிந்தது. "சாமி, மூச்சு முட்டுது, தண்ணி" என்றார். லாரியைப் பற்றி ஒன்றுமே பேசவில்லை. மறதி இல்லாமல், என் பெயரையும் சொல்லிக் கூப்பிட்டார். தாழ்ப்பாள் ஓர் எட்டு வைக்கும் தூரத்தில் இருந்தது. நான் திறக்கவில்லை.

ஒட்டி முடித்ததும் கொடுக்கலாம் என்றுதான் இருந்தேன். சொம்பில் தண்ணீரும் எடுத்துக்கொண்டு போய்த் திறந்தபோது மூச்சு நின்றிருந்தது. அவர்தான் அவசரப்பட்டுவிட்டார்.